சிவப்புக் கட்டத்தை யார் பார்க்கிறார்கள்? ராணுவக் கொள்முதலில் இடர் மேலாண்மை பலிக்கும் இடமும் பல்லிளிக்கும் இடமும்

2021 செப்டம்பர் 23 அன்று ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கான ஆர்டர் கிடைத்தது. மதிப்பு 7,523 கோடி ரூபாய். முதல் ஐந்து டாங்கிகளை 30 மாதங்களுக்குள், அதாவது 2024 மார்ச்சுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தவறியது. முட்டுக்கட்டை ஜெர்மன் எஞ்சின். அர்ஜுனில் பொருத்தும் 1,400 குதிரைத்திறன் எஞ்சினின் உற்பத்தி வரிசையை எம்.டி.யு. என்ற ஜெர்மன் நிறுவனம் ஏற்கெனவே மூடிவிட்டது. மறுபடி ஓடவிட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்று செய்திகள் வந்தன.

இதில் யாரும் திடுக்கிட வேண்டியதில்லை. அர்ஜுன் திட்டத்துக்கு 1974-ல் 15.5 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்தபோதே எஞ்சினை உள்நாட்டில் செய்வது என்றுதான் எண்ணம். அது கைகூடாததால் முன்மாதிரிகளுக்கு என்று ஜெர்மன் எஞ்சின் வந்தது, வந்தது அப்படியே தங்கிவிட்டது. "எஞ்சின் வெளியிலிருந்து வருகிறது, ஆபத்து" என்பது ஆவடியில் எல்லோருக்கும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். தெரிந்த ஆபத்து தெரிந்த தேதியில் வந்து நின்றிருக்கிறது.

ராணுவக் கொள்முதலில் இடர் மேலாண்மை எவ்வளவு பலன் தருகிறது என்று கேட்டால் பதிலை இங்கிருந்துதான் தேட வேண்டும். ஆபத்தைக் கண்டுபிடிப்பதில் பெரிய குறை இல்லை. கண்டுபிடித்ததை வைத்துத் தேதியையோ பணத்தையோ தேவைப் பட்டியலையோ மாற்றும் அதிகாரம், இடர்களைப் பட்டியலிடும் பதிவேட்டை எழுதுபவரிடம் இல்லை என்பதுதான் குறை.

நடைமுறை என்னவோ உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். திட்டமிடு, இடர்களை அடையாளம் காண், அலசு, நடவடிக்கை எடு, கண்காணி. ஒவ்வொரு இடருக்கும் நடக்கும் வாய்ப்பு 1 முதல் 5 வரை, விளைவு 1 முதல் 5 வரை. இரண்டையும் 25 கட்டங்கள் கொண்ட சதுரத்தில் குறித்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வந்துவிடும். மாதா மாதம் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுவார்கள்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பெரும்பாலும் இப்படி: "எஞ்சின் வரத்தில் தாமதம் ஏற்படலாம். வாய்ப்பு 3, விளைவு 4. நடவடிக்கை: சப்ளையருடன் தொடர்ந்து தொடர்பில் இருத்தல். பொறுப்பு: கொள்முதல் பிரிவு. நிலை: கண்காணிப்பில்." இது எழுதப்படாமலே இருந்திருக்கலாம். காரணம் இல்லை, எவ்வளவு தாமதம் என்று இல்லை, தாமதமானால் எது நிற்கும் என்று இல்லை. "தொடர்பில் இருத்தல்" என்றால் மின்னஞ்சல் போடுவது.

அதே வரி உருப்படியாக எழுதப்பட்டால் வேறு மாதிரி இருக்கும்: "தயாரிப்பாளர் உற்பத்தி வரிசையை மூடிவிட்டார், அதனால் ஆர்டர் போட்ட நாளிலிருந்து 48 மாதங்களுக்கு முன் முதல் எஞ்சின் வராமல் போகலாம், வராவிட்டால் முதல் தொகுதி ஐந்தும் எஞ்சின் இல்லாமல் ஷெட்டில் நிற்கும். மாற்று: பழைய டாங்கிகளின் உதிரிக் கையிருப்பிலிருந்து எஞ்சின் எடுப்பது அல்லது வேறு எஞ்சின் பொருத்துவது. மாற்றுக்கு மாறுவதை முடிவு செய்யக் கடைசி நாள் இன்னது. அன்று முடிவெடுக்க வேண்டியவர் இன்னார். அதற்கு ஒதுக்கிய பணம் இவ்வளவு." காரணம், நிகழ்வு, விளைவு, மாற்று, கடைசி நாள், ஆள், பணம். இவற்றில் அதிகம் விட்டுப்போவது கடைசி நாள்.

அந்தக் கடைசி நாளைப் பின்னோக்கி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: வேறு எஞ்சினைப் பொருத்துவதென்றால் குளிர்விப்பு அமைப்பை மாற்றி வடிவமைக்க 8 மாதம், எஞ்சின் அறையைத் திருத்தி கியர்பாக்ஸோடு இணைக்க 10 மாதம், தொழிற்சாலை ஓட்டம் 4 மாதம். மொத்தம் 22. அதன்பின் ராஜஸ்தான் பாலைவனத்தில் கோடைச் சோதனை. அது மே, ஜூனில்தான் நடத்த முடியும். 45 டிகிரி வெயிலை டிசம்பரில் வரவழைக்க முடியாது. ஒரு கோடையைத் தவறவிட்டால் ஒரு வருடம் போனது போனதுதான். 2024 மார்ச்சில் டாங்கி கொடுக்க வேண்டுமென்றால் சோதனைக்குக் கிடைப்பது 2023 கோடை. அங்கிருந்து 22 மாதம் பின்னால் போனால் 2021 ஜூலை. ஒப்பந்தமே செப்டம்பரில்தான் கையெழுத்தானது. அதாவது மாற்று எஞ்சின் என்ற வழி, பேனாவை எடுக்கும் முன்பே மூடியிருந்திருக்கும். மாதங்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் முடிவு பெரிதாக மாறாது. இந்தக் கணக்கைப் போட ஒரு மணி நேரம் போதும். போட்டுவிட்டால் கெடுவை மாற்றாமல் கையெழுத்துப் போட முடியாது என்பதால்தான் அதைப் போட யாருக்கும் மனம் வருவதில்லை போலும்.

ஆர்டர் கிடைத்து எட்டு நாள் கழித்து, 2021 அக்டோபர் 1 அன்று, படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம் உருவானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர்டர் வந்த கையோடு பொறுப்பேற்க வேண்டிய அமைப்பும் மாறியது.

இதே நோய் பெங்களூரிலும் உண்டு. தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்கள் 83-க்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம். அதற்கான எஃப்-404 எஞ்சின்கள் 99-க்கு அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்டர். முந்தைய ஆர்டர் முடிந்தபின் வேறு வேலை இல்லாததால் அந்த வரிசை சுமார் ஐந்து ஆண்டுகளாக நின்றுபோயிருந்தது. முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. அர்ஜுனுக்கு ஆர்டர் வந்த ஆண்டுகளைப் பாருங்கள்: 2000-ல் 124, 2010-ல் 124, 2021-ல் 118. பத்து வருடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும் வாடிக்கையாளருக்காக எந்த நிறுவனமும் வரிசையைத் திறந்து வைத்துக் காத்திருக்காது. ஆக, "எஞ்சின் தாமதம்" என்று சப்ளையர் பெயரில் எழுதப்படும் இடரின் வேர் நம் ஆர்டர் இடைவெளியில் இருக்கிறது. பதிவேட்டில் அப்படி எழுதியதாகக் கேள்விப்பட முடியாது, ஏனென்றால் அந்த வரிக்குப் பொறுப்பு அமைச்சகம் என்று எழுத வேண்டியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் ஆவடியிலேயே இருக்கிறது. டி-72 டாங்கிக்கான 780 குதிரைத்திறன் எஞ்சினும் டி-90க்கான 1,000 குதிரைத்திறன் எஞ்சினும் ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் முழுக்க உள்நாட்டுப் பாகங்களால் செய்யப்பட்டு 2018 ஜூலையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அங்கே எண்ணிக்கை பெரியது, தேவை தொடர்ச்சியானது. ஒவ்வொரு பாகமாக உள்ளூருக்குக் கொண்டுவர அவகாசமும் கிடைத்தது.

எஞ்சின் விஷயத்தில் பாடம் படித்ததற்கு அடையாளமாக ஸொராவர் இலகு டாங்கியைச் சொல்லலாம். ஆவடியில் உள்ள போர் வாகன ஆய்வுக்கூடமான சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து உருவாக்கும் 25 டன் டாங்கி. முதலில் நினைத்த ஜெர்மன் எஞ்சினுக்கு ஏற்றுமதி அனுமதி இழுத்தடித்தபோது, காத்திருக்காமல் 760 குதிரைத்திறன் கம்மின்ஸ் எஞ்சினுக்கு மாறினார்கள். 2024 ஜூலையில் டாங்கியை வெளியே காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் சுட்டுக் காட்டினார்கள். மாற முடிந்தது ஏனென்றால் வடிவமைப்பு இன்னும் உறையவில்லை. சமயத்தில் எடுத்த முடிவு என்றால் இதுதான். அந்த மாற்று எஞ்சினும் வெளிநாட்டுப் பெயர் தாங்கியதே என்பதால் இடர் தீரவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சி.வி.ஆர்.டி.இ. 2020 ஆகஸ்டில் தொடங்கிய 1,500 குதிரைத்திறன் எஞ்சின் முதன்முதலாக பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லின் மைசூரு வளாகத்தில் ஓடியது 2024 மார்ச் 20 அன்று. சோதனை மேடையில் ஓடுவதற்கும் டாங்கிக்குள் உட்கார்ந்து தூசியிலும் வெயிலிலும் ஓடுவதற்கும் நடுவே பல ஆண்டு வேலை உண்டு.

இனி அந்த 25 கட்டச் சதுரத்தின் கோளாறு. வாய்ப்பு 2, விளைவு 5 என்றால் பெருக்குத்தொகை 10. வாய்ப்பு 5, விளைவு 2 என்றாலும் 10. முதலாவது திட்டத்தையே கவிழ்க்கக்கூடியது. இரண்டாவது தினசரித் தொல்லை. இரண்டும் ஒரே மஞ்சளில் போய் உட்காருகின்றன. 1, 2, 3 என்ற எண்கள் வரிசையைச் சொல்பவை, அளவைச் சொல்பவை அல்ல. அவற்றைப் பெருக்குவதே தவறான கணக்கு. வாய்ப்பைச் சதவீதத்திலும் விளைவை மாதத்திலும் கோடியிலும் எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லாம் பச்சை. பத்து முக்கிய உபகரணங்கள். ஒவ்வொன்றும் குறித்த நாளில் வர 90 சதவீத வாய்ப்பு. கூட்டத்தில் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பத்தும் ஒன்றையொன்று சாராமல் இருந்து, பத்தும் வந்தால்தான் டாங்கி நகரும் என்றால், குறித்த நாளில் நகரும் வாய்ப்பு 35 சதவீதம் மட்டுமே. ஓர் உபகரணத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்டால் அவர் சொல்வது உண்மை. ஒட்டுமொத்த அட்டவணையும் உண்மையா என்று கேட்க ஆள் வேண்டும்.

பெரிய இடர்கள் பலவும் பதிவேடு திறப்பதற்கு முன்பே, ராணுவம் தன் தேவைப் பட்டியலை எழுதும்போதே விதைக்கப்பட்டுவிடுகின்றன. அர்ஜுன் மார்க்-1 எடை 58.5 டன். மார்க்-1ஏ-வில் 72 மேம்பாடுகள். எடை 68 டன்னைத் தொட்டது. ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் கூடும் ஒவ்வொரு டன்னும் சஸ்பென்ஷனிலும் டிராக்கிலும் எஞ்சினிலும் ரயில் வேகனிலும் பாலத்திலும் போய் விழுகிறது. எடைக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, "இதைச் சேர்க்க வேண்டுமானால் எதை எடுப்பீர்கள்" என்று கேட்பதுதான் அங்கே இடர் மேலாண்மை. இந்திய நடைமுறையில் தேவைப் பட்டியல், தேவை ஏற்பு, விலைக்கோரல், களச் சோதனை, விலைப்பேச்சு, ஒப்பந்தம் என்று வண்டி போகிறது. திட்ட அலுவலகம் இடர்ப் பதிவேட்டைக் கையில் எடுப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். அதற்குள் எடை, எஞ்சின், கெடு மூன்றும் கல்வெட்டாகியிருக்கும்.

வடசென்னைக்கு அப்பால் காட்டுப்பள்ளியில் நடந்ததை ஒப்பிடலாம். கடலோரக் காவல்படைக்கு ஏழு ரோந்துக் கப்பல்கள். 2015 மார்ச்சில் 1,432 கோடி ரூபாய்க்கு எல் அண்ட் டி-யுடன் ஒப்பந்தம். விக்ரம் தொடங்கி, 2021 ஆகஸ்டில் சென்னையில் பணியில் சேர்ந்த விக்ரஹா வரை ஏழும் கெடுவுக்குள்ளும் அதற்கு முன்பும் வந்தன. சுமார் 97 மீட்டர் நீளக் கப்பல். நிரூபிக்கப்பட்ட எஞ்சின், நிரூபிக்கப்பட்ட பீரங்கி, நடுவில் மாறாத தேவைப் பட்டியல். இதைக் காட்டி ஆவடியைக் குட்டுவது நியாயமாகாது. ரோந்துக் கப்பல் வேறு, புதிய தலைமுறை டாங்கி வேறு. ஆனாலும் புதுமை எவ்வளவு, முதிர்ந்தது எவ்வளவு என்ற விகிதம்தான் தாமதத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது உள்ளூர்ச் சாட்சி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2007-ல் சொன்னதும் அதுவே: முதிர்ந்த தொழில்நுட்பத்தோடு தொடங்கிய திட்டங்களில் ஆராய்ச்சிச் செலவு சராசரியாக 2.6 சதவீதம் கூடியது. முதிராததோடு தொடங்கியவற்றில் 32.3 சதவீதம்.

பணமும் ஆளும் குறையாத நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவின் ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலில் குண்டுகளை மேல்தளத்துக்கு ஏற்ற 11 லிஃப்ட்கள். கம்பிவடத்துக்குப் பதில் மின்காந்த மோட்டார், புது முறை. விமானத்தை ஏவும் மின்காந்தக் கருவிக்குத் தரையில் முழு அளவுச் சோதனைத் தளம் கட்டினார்கள், லிஃப்டுக்குக் கட்டவில்லை. லிஃப்ட்தானே என்ற நினைப்பு. 2017-ல் கப்பலை வாங்கியபோது 11-ல் ஒன்றுகூடத் தயாராக இல்லை. முதலாவது 2018 டிசம்பரில், கடைசி 2021 டிசம்பரில். பளபளப்பான கருவிக்குத்தான் கவனம் போகும். சாதுவாகத் தெரிவது காலை வாரும். அந்நாட்டின் சென்டினல் அணு ஏவுகணைத் திட்டத்திலும் அதே கதை. 2024 ஜூலையில் மதிப்பீடு 81 சதவீதம் எகிறி 14,000 கோடி டாலரைத் தாண்டியபோது, முக்கியக் காரணம் ஏவுகணை அல்ல. ஏவுதள, கட்டுப்பாட்டு வசதிகளின் கட்டுமானம்.

அமெரிக்காவில் நன்-மெக்கர்டி என்று ஒரு சட்டம் உண்டு. முதல் அடிப்படை மதிப்பீட்டைவிட அலகுச் செலவு (ஒன்றைச் செய்ய ஆகும் செலவு) 50 சதவீதம் கூடினால் திட்டத்தை நிறுத்த வேண்டும், இல்லையேல் தேவை என்று பாதுகாப்பு அமைச்சகம் சான்று தர வேண்டும். சென்டினலுக்குச் சான்று தரப்பட்டது. எஃப்-35க்கும் 2010-ல் தரப்பட்டது. மணி அடிக்கிறது, வண்டி நிற்பதில்லை. ஆனாலும் அந்த மணிக்கு ஒரு பயன் உண்டு: எண்கள் பொதுவெளிக்கு வருகின்றன. அப்படி அடிக்கும் மணி இங்கே இல்லை. தணிக்கை அறிக்கை வரும்போது காலம் கடந்திருக்கும்.

பிரிட்டனின் ஏஜாக்ஸ் கவச வாகனம் இன்னொரு விதம். 589 வண்டிகள், சுமார் 550 கோடி பவுண்டு, விலை மாறாத ஒப்பந்தம். விலை உயர்ந்தால் நிறுவனம் தாங்கும். இடரைத் தள்ளிவிட்டாயிற்று என்று அமைச்சகம் நினைத்தது. இரைச்சலும் அதிர்வும் வீரர்களைப் பாதித்ததால் 2020, 2021-ல் சோதனைகளை நிறுத்த வேண்டிவந்தது. பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடியவர்கள் என்று 300-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டார்கள். பணத்தின் இடர்தான் நிறுவனத்துக்குப் போயிருந்தது. வண்டி இல்லாமல் நிற்கும் இடர் ராணுவத்திடமே இருந்தது, அதை எந்தத் தாமத அபராதமும் ஈடுகட்டாது. எச்சரிக்கைகள் கீழ்மட்டத்தில் இருந்தும் மேலே ஏறவில்லை என்று விசாரணை சொன்னது.

மேலே ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் அலுவலக நடைமுறைதான். சிவப்பு என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள், கூட்டம் கூட்டுவார்கள், பணம் தரமாட்டார்கள். மஞ்சள் என்று எழுதினால் அடுத்த மாதம் வரை நிம்மதி. அதிகாரிகளின் பணிக்காலம் இரண்டு மூன்று ஆண்டு; டாங்கி உருவாக இருபது ஆண்டு. இன்று எழுதும் மஞ்சள் சிவப்பாகும்போது எழுதியவர் வேறு ஊரில் இருப்பார். இதற்கு மருந்து, பதிவேட்டைத் திட்ட அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒருவர் நேரடியாகப் பார்ப்பதும், நிறம் மாறும்போது என்ன வேலை முடிந்ததால் மாறியது என்று சான்று கேட்பதும். சோதனை அறிக்கை இல்லாமல் பச்சை இல்லை.

பலன் தருகிறதா என்று அளக்கவும் வழி இருக்கிறது. கடந்த ஓராண்டில் மூடப்பட்ட வரிகளை எடுத்து, நடவடிக்கையால் மூடியவை எத்தனை, ஆபத்து நிஜமாகவே நடந்துவிட்டதால் "பிரச்சினை" என்று பெயர் மாற்றி மூடியவை எத்தனை என்று பிரிக்கலாம். அந்த ஆண்டு வந்த பெரிய சிக்கல்களில் பதிவேட்டில் முன்பே இருந்தவை எத்தனை என்று பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, பதிவேட்டைக் காட்டி ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு தேவை மாறியிருக்கிறதா? ஒன்றுகூட மாறவில்லை என்றால் அது ஆவணம், நிர்வாகம் இல்லை.

கடைசியில் இந்த இடரெல்லாம் சங்கிலியின் கீழ்க்கண்ணியில் வந்து இறங்குவது அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் உள்ள பட்டறைகளில். குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்பதால் விலையில் இடருக்கு இடம் இருக்காது. பாகத்தைப் பிடித்து வைக்கவும் வடிவம் கொடுக்கவும் தேவையான ஜிக், ஃபிக்ஸ்சர், டை எல்லாவற்றுக்கும் பணம் முன்கூட்டியே போட வேண்டும். சிறப்பு எஃகு மூன்று டன் வேண்டும் என்றால் ஆலைக்காரர் ஒரு ஹீட் (உலையில் ஒரே தடவையில் உருக்கும் எஃகு) முழுதும் எடுத்துக்கொள்ளச் சொல்வார், அது பல பத்து டன். முதல் மாதிரி தரப் பரிசோதனையில் தேறும்வரை தொகுதியைத் தொடக்கூடாது. ஆய்வாளர் தேதி தள்ளிப்போனாலும் டெலிவரித் தேதி தள்ளாது. எஞ்சின் வராமல் மேலே வண்டி நின்றுவிட்டால், செய்து முடித்த பாகத்தையும் "இப்போது அனுப்பாதீர்கள்" என்பார்கள். வங்கி வட்டி மட்டும் நிற்காது. அதனால் பர்சேஸ் ஆர்டரில் கையெழுத்திடும் முன் பட்டறைக்காரர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: மூலப்பொருளை யார் திரட்டி வாங்குகிறார், தரப் பரிசோதனைத் தாமதம் யார் கணக்கில், வேறு பாகம் வராததால் வண்டி நின்றாலும் முடித்த வேலைக்குப் பணம் உண்டா, அடுத்த ஆர்டர் எந்த ஆண்டு. கடைசிக் கேள்விக்கு இன்றைக்கு மேலே இருப்பவர்களிடமும் பதில் கிடையாது.